முள்ளிழுத்த ஊருணி

ஊருணியைச் சுத்தம் செய்வதென்று முடிவெடுத்த அந்தக் கூட்டத்தில் நாட்டாமை இருந்தார். கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆலை வைத்திருக்கும் அண்ணாச்சி இருந்தார். பூர்வீகம் எங்கள் ஊர் என்பதால் ஒவ்வொரு வருஷமும் கோயில் கொடைத் திருவிழாவுக்குத் தவறாமல் வந்து பெரிய தொகை எழுதுகிறவர். டிராக்டர் வைத்திருக்கும் இரண்டு பேர் இருந்தார்கள். ஐம்பது ஆடு வைத்திருந்த என் அப்பா, அவரை நாங்கள் அய்யா என்றுதான் கூப்பிடுவோம், வேப்பமரத்துத் தூரில் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார். தலைக்கட்டுக்கு ஓர் ஆண் என்று மற்ற எல்லோரும் வந்திருந்தார்கள். அந்த ஊருணியில் தினமும் குடம் முக்குகிற பெண்களில் ஒருத்தர்கூட இல்லை. இரண்டு வருஷமாக அதே ஊருணியின் அடிச்சேற்றைக் குழாய் குழாயாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்த அக்காவும் இல்லை. அவருக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை.

நான் கடைசியில் நின்றேன். பேச்சு எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்ததும் வெளியே போய் அக்காவுக்குப் போன் அடித்தேன். அவர் கோவில்பட்டியில் அறை எடுத்துத் தங்கியிருந்தார். நாகலாபுரம் போகிற பஸ்ஸைப் பிடித்து, எங்கள் ஊருக்குப் பிரிகிற விலக்கில் இறங்கி, வெயிலில் நடந்து அவர் வந்து சேர்ந்தபோது கூட்டம் முடிந்து எல்லோரும் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். வேர்த்து வடிந்த முகமும் கம்பி ஒடிந்த குடையுமாக, அத்தனை ஆண்களுக்கு நடுவில் அவர் வந்து நின்றதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் உடம்பு கொதிக்கிறது. அவர் என்ன சொன்னார், இவர்கள் என்ன சொன்னார்கள் என்பதற்கு முன்னால் அக்கா யார் என்று சொல்லிவிடுகிறேன்.

அக்காவுக்குத் தூத்துக்குடி. அவருடைய அப்பா உப்பளத்தில் வேலை பார்த்தவர். நன்னீருக்கு அடியில் வேர்விட்டு வளரும் செடிகள் கீழே இருக்கிற சேற்றில் நைட்ரஜனை என்ன செய்கின்றன என்பதுதான் அவருடைய முனைவர் பட்ட ஆராய்ச்சி. அதற்கு ஏற்ற இடமாக எங்கள் ஊருணியைத் தேர்ந்தெடுத்தார். நான் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு, பரீட்சை மேல் பரீட்சையாக எழுதிக்கொண்டு வீட்டில் கிடந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிய முதல் ஆள் நான். ஊரில் என்னைப் 'படிச்ச பய' என்பார்கள். அதில் பாதி பெருமை, பாதி நக்கல். உள்ளூர் ஆள் ஒருவர் உதவிக்கு வேண்டும் என்று அக்கா கேட்டபோது, மாசச் சம்பளம் என்று ஒன்று வருகிறதே என்று சேர்ந்துகொண்டேன்.

அக்காவுக்கு நீச்சல் தெரியாது. முதல்நாள் படித்துறையில் நின்றுகொண்டு, இங்கே ஆழம் எவ்வளவு, அங்கே எவ்வளவு என்று கேட்டுக்கொண்டே இருந்தார். குடத்தோடு வந்த என் அம்மாதான், வீட்டிலிருந்து வாளிக் கயிற்றை எடுத்து வந்து அவர் இடுப்பில் கட்டி, மறுமுனையைத் தன் கையில் சுற்றிக்கொண்டாள். அதன்பிறகு மாசா மாசம் அதே வழக்கமாகிவிட்டது. மார்பளவு தண்ணீரில் அக்கா கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயை மிதித்து இறக்குவார். கரையில் அம்மா கயிற்றைப் பிடித்திருப்பாள். "ஆட்டக் கட்டுன கையிக்கு இப்ப டாக்டரம்மாவக் கட்டுத வேல" என்று அம்மா போகிற வருகிறவர்களிடம் சொல்வாள். இன்னும் டாக்டர் ஆகவில்லை என்று அக்கா தண்ணீருக்குள்ளிருந்து திருத்துவார். "கட்டி இழுத்தா ஆயிருவ" என்பாள் அம்மா.

எங்கள் கரிசலில் எங்கே துளை போட்டாலும் உப்புத் தண்ணீர். கூட்டுக் குடிநீர்க் குழாய் போட்டிருக்கிறார்கள். தண்ணீர் வருவதுதான் அபூர்வம். ஐப்பசி, கார்த்திகையில் ஓடை வழியாக வந்து நிறைகிற ஊருணித் தண்ணீர்தான் மனிதருக்கும் ஆட்டுக்கும் ஆவணி வரை. அந்த ஓடைக்கு இரண்டு பக்கமும் இருக்கிற நிலங்களில் கிடை போடுவார்கள். ராத்திரியில் ஆடுகளை நிலத்தில் அடைத்துவைத்தால் புழுக்கையும் மூத்திரமும் உரமாகும். நிலத்துக்காரர் அதற்குக் கூலி கொடுப்பார். அய்யாவின் வருமானத்தில் பாதி அது. முதல் மழையில் அந்த உரத்தில் ஒரு பங்கு ஓடையோடு வந்து ஊருணியில்தான் இறங்கும். இத்தனை வருஷமாக அவ்வளவு மூத்திரம் இறங்கியும் எங்கள் தண்ணீர் ஏன் கெடவில்லை என்று நாங்கள் யாரும் யோசித்ததில்லை. அக்கா யோசித்தார்.

ஊருணி அடியில் முக்கால்வாசிக்கு மேல் வேலம்பாசி மண்டிக் கிடந்தது. சேற்றில் வேர் ஊன்றி, தண்ணீர் மட்டம் வரை நீளமாக வளரும் செடி. பாசி இல்லாத இடத்தில் குழாய் இறக்கினால் வருகிற சேறு மேலிருந்து கீழ்வரை ஒரே கறுப்பு. அழுகிய முட்டை வாடை. பாசி இருக்கிற இடத்துச் சேற்றில் வெள்ளை வேர்கள் ஓடும். ஒவ்வொரு வேரையும் சுற்றி மெல்லிசாக ஓர் உறை, துருப்பிடித்த ஆணியின் நிறத்தில். அது துருவேதான் என்றார் அக்கா. சேற்றில் கரைந்திருக்கும் இரும்பு காற்றுப் பட்டுத் துருவேறியிருக்கிறது. அவ்வளவு தண்ணீருக்கு அடியில், மூச்சே இல்லாத சேற்றுக்குள் காற்று எப்படிப் போனது? பாசி வெயிலில் தயாரிக்கிற பிராணவாயுவில் ஒரு பங்கு தண்டுக்குள் இருக்கும் இடைவெளிகள் வழியாக இறங்கி வேரில் கசிகிறது. புழுக்கையும் மூத்திரமும் மட்கி வருகிற அம்மோனியாவை, அந்தத் துரு உறைக்குள் காற்றோடு வாழ்கிற நுண்ணுயிர்கள் நைட்ரேட்டாக மாற்றுகின்றன. நைட்ரேட் அங்கிருந்து ஒரு நெல்மணி அகலம் நகர்ந்தால் மறுபடியும் காற்றில்லாத கறுப்புச் சேறு. அங்கே வேறொரு கூட்டம் நுண்ணுயிர்கள். அவை நைட்ரேட்டை உடைத்து வெறும் நைட்ரஜன் வாயுவாக்கி விட்டுவிடுகின்றன. நாம் இழுக்கிற மூச்சில் பெரும்பங்கு அந்த வாயுதான். யாருக்கும் தொந்தரவு இல்லை. மிச்சமிருக்கும் அம்மோனியாவில் ஒரு பகுதியைப் பாசியே உறிஞ்சிக்கொண்டு வளர்கிறது.

இதை அக்கா அம்மாவுக்குச் சொன்ன விதம் வேறு. "ஒங்க ஆடு பேஞ்ச மூத்திரம்லாம் எங்க போவுதுன்னு நெனைக்கீங்க? இந்த வேரு வழியா ஆகாசத்துக்குப் போவுது." அம்மா அண்ணாந்து பார்த்தாள். "அப்ப மழையா வாரதும் அதுதானா?" என்றாள். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் கயிறு கையை விட்டு நழுவி, அக்கா ஒருமுறை முங்கி எழுந்தார்.

பாசியை அப்படியே விட்டுவிட வேண்டும் என்று அக்கா ஒருநாளும் சொன்னதில்லை. அதை இங்கே அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பிற்பாடு அப்படித்தான் கதை கட்டினார்கள். கோடையில் தண்ணீர் வற்றும்போது பாசி அளவுக்கு மிஞ்சி இருந்தால் அதுவே செத்து அழுகும் என்று அவருக்குத் தெரியும். மூன்றில் ஒரு பங்கை எடுங்கள், படித்துறைப் பக்கமாக எடுங்கள், எடுத்ததைக் கரையில் போடாமல் நிலத்துக்குக் கொண்டுபோய் உரமாக்குங்கள். அவர் கேட்டது இவ்வளவுதான்.

ஊருக்குப் பாசி என்றால் மானக்கேடு. பெண் பார்க்க வருகிறவர்கள் எங்கள் பக்கத்தில் முதலில் ஊருணியைத்தான் பார்ப்பார்கள். அந்த வருஷம் திருப்பூரிலிருந்து லீவுக்கு வந்த பையன் ஒருவன் காலில் பாசி சுற்றிக்கொண்டதை வீடியோ எடுத்துப் போட, பக்கத்து ஊர்க்காரன் ஒருவன் அதன் கீழே, "ஒங்க ஊர்ல தண்ணிய மோந்து குடிப்பியளா, மேஞ்சு குடிப்பியளா" என்று எழுதிவிட்டான். அந்த ஒரு வரி ஊரையே உலுக்கிவிட்டது. பங்குனிக் கொடைக்கு வெளியூர் சனமெல்லாம் வரும். அதற்குள் ஊருணியில் ஒரு நார்கூட இருக்கக்கூடாது என்று முடிவெடுத்தார்கள். செலவு முழுவதும் தன்னுடையது என்றார் அண்ணாச்சி.

இனி அந்தக் கூட்டத்துக்கு வருகிறேன். அக்கா வந்து நின்றதும் நாட்டாமை காப்பித் தம்ளரோடு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அண்ணாச்சி அப்படிச் செய்யவில்லை. எழுந்து தன் நாற்காலியைக் காட்டினார். கெட்ட மனிதர் என்றால் கோபப்படுவது சுலபம். அக்கா உட்காரவில்லை. மூன்றில் ஒரு பங்கு விஷயத்தைச் சொன்னார், துரு உறையைச் சொன்னார், அம்மோனியாவைச் சொன்னார். அண்ணாச்சி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏம்மா, ஆராய்ச்சிக்குப் பாசி வேணும்னா ரெண்டு அண்டா நெறய எடுத்து வச்சுத் தாரேன். அதுக்காவ ஊர நாற விடணுமா?" என்றார்.

"எனக்கு வேண்டாம் அண்ணாச்சி. இந்த ஊரு ஆட்டுக்குத்தான் அது வேணும்" என்றார் அக்கா.

வேப்பமரத்துத் தூரிலிருந்து அய்யா நிதானமாகச் சொன்னார்: "ஆடு பாசி திங்காதும்மா."

கூட்டம் முழுவதும் சிரித்தது. அண்ணாச்சிகூடத் துண்டால் வாயை மூடிக்கொண்டார். அன்றைக்கு அங்கே விழுந்த பெரிய சிரிப்பு என் அய்யா வாங்கியது. ஆட்டுக்காரன் என்று அதுவரை அவரைப் பின்வரிசையில் வைத்திருந்தவர்கள் முதுகில் தட்டினார்கள். அய்யாவின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் என் பரீட்சை முடிவுகளுக்குக்கூடப் பார்த்ததில்லை. அந்தச் சந்தோஷத்தின் மேல்தான் எனக்கு முதல் கோபம். நான் பேச வாயெடுத்தேன். "படிச்ச பய, நீ போயி அக்காவுக்குக் கொட பிடி" என்றான் டிராக்டர்க்காரர்களில் ஒருவன். அதற்கும் சிரித்தார்கள். பாசியக்கா என்ற பெயர் அக்காவுக்கு அன்றைக்கு விழுந்தது.

பாசியை எடுத்த விதத்தை எங்கள் ஊர்க்காரர்களைத் தவிர வேறு யாரும் யோசித்திருக்க முடியாது. கரிசலில் விதை விதைத்ததும், மண் மூடுவதற்காகக் கருவேல முள்ளைக் கட்டாகக் கட்டி நிலத்தின் மேல் இழுப்பார்கள். அதே வேலையை ஊருணிக்குச் செய்தார்கள். வண்டி வண்டியாகச் சீமைக்கருவேல முள்ளை வெட்டி, கல்லைச் சேர்த்துக் கட்டித் தண்ணீரில் அமிழ்த்தி, இரண்டு கரையிலும் டிராக்டரை நிறுத்தி, வடக்கயிறு போட்டு மாற்றி மாற்றி இழுத்தார்கள். முள் அடிச்சேற்றைக் கீறிக்கொண்டு போய்ப் பாசியை வேரோடு வாரிக் கரையில் எறிந்தது. இளவட்டங்கள் விசிலடித்தார்கள். வேரைச் சுற்றி அத்தனை காலமாகத் துருவேறியிருந்த சேறு கலங்கி, தண்ணீர் முழுவதும் கருங்குழம்பாகிப் போனது. வாரிய பாசியைக் கரையின் உள்சரிவிலேயே குவித்தார்கள். காய்ந்ததும் தீ வைக்கலாம் என்று. அம்மா இடுப்பில் குடத்தோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு குடம்கூட எடுக்காமல் திரும்பினாள்.

கொடைக்கு ஒரு வாரம் இருந்தது. குழம்பு தெளியவில்லை, கரிசல் மண் கலங்கினால் லேசில் தெளியாது. அண்ணாச்சி மூட்டை மூட்டையாகப் படிகாரம் அனுப்பினார். இளவட்டங்கள் அதைச் சாக்கோடு முக்கி முக்கிக் கரைத்தார்கள். கொடையன்று காலை ஊருணி கண்ணாடி போல இருந்தது. வெளியூர் சனம் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டது. அக்கா அந்தக் கூட்டத்துக்குள் தன் குழாயோடு வந்தார். "பாத்தியளா பாசியக்கா" என்று கேட்காதவன் இல்லை. அவர் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டார். மேளச் சத்தத்துக்கு நடுவில் அம்மா கயிற்றைப் பிடித்தாள். மேலே வந்த குழாயில் சேறு அடிமுதல் நுனிவரை கறுப்பு. அக்கா அதை முகர்ந்து பார்த்துவிட்டு மூடிபோட்டு எண் எழுதி, தண்ணீரைச் சோதிக்கிற மருந்து போத்தல்கள் இருந்த ஐஸ் பெட்டிக்குள் வைத்தார்.

அன்று நான் அவர்மேலும் கோபப்பட்டேன். "இனி இதுல என்னக்கா இருக்கு? எதுக்கு எடுக்கீங்க?" என்று கேட்டேன். "இப்பத்தான் தம்பி எல்லாம் இருக்கு" என்றார். அவருக்கு அது முன்னும் பின்னுமாக ஒப்பிடக் கிடைத்த வாய்ப்பு. எந்த ஆராய்ச்சியாளரும் தானாக ஓர் ஊருணியை அழித்துப் பார்க்க முடியாது. எங்கள் ஊர் அதை இலவசமாகச் செய்து கொடுத்திருந்தது. அவர் அப்படி நினைத்தாரா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பதிலை என்னால் இன்றுவரை முழுதாக மன்னிக்க முடியவில்லை. வாரா வாரம் தண்ணீரில் அம்மோனியா ஏறுவதை அவர் சொன்ன குரலில் பதற்றம் இல்லை. எங்கள் ஆடுகள் குடிக்கிற தண்ணீர் அக்கா என்று ஒருமுறை கத்தினேன். "கத்துனா எறங்குமா தம்பி?" என்று கேட்டுவிட்டு, மறுநாளிலிருந்து வீடு வீடாகப் போக ஆரம்பித்தார்.

சித்திரையில் ஒரு சாயங்காலம் கோடை மழை கொட்டியது. கரைச்சரிவில் பாதி காய்ந்தும் பாதி அழுகியும் கிடந்த பாசிக் குவியல் மொத்தமும் கரைந்து ஊருணிக்குள் இறங்கியது. ஓடை வழியாகக் கிடைப் புழுக்கையும் வந்தது. அதற்குப்பிறகு கத்திரி வெயில். வருகிற அம்மோனியாவை வாங்கி மாற்றி அனுப்ப அடியில் ஒரு வேர்கூட இல்லை. சேறு தன்னிடம் இருந்ததையும் மேலே விட்டது. தண்ணீர் முதலில் இளம்பச்சையானது. பிறகு சுண்ணாம்புக்காரன் கலக்கிவைத்த பச்சை வண்ணம் போலக் கெட்டியானது. காலையில் பாலாடை மாதிரி ஓர் ஏடு படர்ந்து, காற்று தள்ளுகிற பக்கம் போய் ஒதுங்கும். காற்று தள்ளியது ஆட்டுத்துறைப் பக்கம். அந்த ஏட்டில் இருக்கிற நுண்ணுயிர் விஷம் கக்கக்கூடியது, காய்ச்சினாலும் போகாது, ஆடு வாய் வைத்தால் ஈரலைத் தாக்கும் என்று அக்கா ஒவ்வொரு வாசலிலும் நின்று சொன்னார். பெண்கள் கேட்டுக்கொண்டார்கள், கூட்டுக் குடிநீர் வருகிற நாளுக்குக் காத்திருந்து பிடித்துவைத்தார்கள். ஆண்கள், பாசியக்கா பாசிக்கு வக்காலத்து வாங்க வந்திருக்கிறாள் என்றார்கள்.

நானும் அக்காவும் ஆட்டுத்துறையில் கம்போடு நின்றோம். அய்யா ஆடுகளைப் பத்திக்கொண்டு வந்தார். மேய்ந்து வந்த ஆடு, உச்சி வெயில், நாக்கு வெளியே தள்ளியிருந்தது. நான் குறுக்கே விழுந்து விரட்டினேன்.

"ஏலே, எவன் ஆட்ட எவன் வெரட்டுதது?" என்றார் அய்யா. "வேற தண்ணி எங்கன இருக்கு, காட்டு. உப்புத் தண்ணியக் குடிச்சுச் சாவட்டுமா? ஒங்க அக்காவக் காட்டச் சொல்லு."

அக்கா தன் உதவித்தொகையில் இரண்டு நாள் டிராக்டர் தொட்டியில் நல்ல தண்ணீர் வரவழைத்து ஊற்றிப் பார்த்தார்; ஊர் ஆடு அத்தனைக்கும் அது ஒரு வாய்க்குக் காணவில்லை. மூன்றாம் நாள் அவர் கையில் காசு இல்லை. ஆடுகள் துறையில் இறங்கின. என்னைத் தள்ளிக்கொண்டு, கம்புக்கு அடியில் நுழைந்து, அந்தப் பச்சை ஏட்டை மூக்கால் விலக்கிக் குடித்தன.

மறுநாள் விடிவதற்குள் சாக ஆரம்பித்துவிட்டன. கால் பின்னி, தலையைப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே விழுந்தன. அய்யா ஒவ்வொன்றின் வாயையும் திறந்து திறந்து பார்த்தார். பல்லிடுக்கில் முள்ளைத் தேடுகிற பழக்கம். கால்நடை மருத்துவர் வந்து, தண்ணீரில் விஷம் என்று சொல்லி மாதிரி எடுத்துப் போனார். விஷம் என்ற அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. ஊருக்கு உடனே ஞாபகம் வந்தது, பாசியக்காவின் பெட்டியில் மருந்து போத்தல்கள் இருந்தன என்பது.

அதே வேப்பமரத்தடியில் அக்காவை நிற்க வைத்தார்கள். இந்தத் தடவை சொல்லி அனுப்பி வரவழைத்தார்கள். வந்ததும் அவருடைய ஐஸ் பெட்டியைப் பிடுங்கிக் கோயிலுக்குள் வைத்துப் பூட்டினார்கள். பாசியை எடுத்த ஆத்திரத்தில் மருந்தை ஊற்றிவிட்டாள் என்பது குற்றச்சாட்டு. மூட்டை மூட்டையாகப் படிகாரத்தைக் கரைத்தது யார் என்று நான் கேட்டேன். "அது அம்மனுக்காவச் செஞ்சது" என்றார் நாட்டாமை. அண்ணாச்சி அன்றைக்கு வரவில்லை. ஆள் அனுப்பி, செத்த ஆட்டுக்காரர்களுக்குச் செலவுக்குக் கொஞ்சம் கொடுத்ததோடு சரி. அய்யாவிடம் சாட்சி கேட்டார்கள். அந்தப் பிள்ளை போத்தல் வைத்திருந்ததைப் பார்த்தேன் என்றார் அவர். பொய் இல்லை. ஊற்றினதைப் பார்த்தீரா என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அப்போதுதான் அம்மா கூட்டத்துக்குள் நுழைந்தாள். கொண்டையைக்கூட முடியவில்லை. "கயிறு எங் கையில தான இருந்திச்சு. மாசா மாசம் நான்தான பிடிச்சேன். அவ இந்தத் தண்ணியில எதயும் போட்டவ இல்ல, எடுத்துட்டுப் போனவ. சேத்த மட்டுந்தான் எடுத்தா. முள்ளப் போட்டது நீங்க" என்றாள்.

"பொம்பளைக்கு இங்கன என்ன பேச்சு? ஒம் பொண்டாட்டியக் கூட்டிட்டுப் போப்பா" என்றார் நாட்டாமை, அய்யாவைப் பார்த்து. அய்யா எழுந்திருக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். அம்மா தானாகத் திரும்பிப் போனாள்.

கோயிலுக்குக் குற்றப்பணம் ஐயாயிரம் என்றார்கள். செய்யாத தப்புக்குக் கட்டாதீங்க, போலீசுக்குப் போவோம் என்று நான் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் கோயில் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஐஸ் உருகிரும் தம்பி. மண்ணு கெட்டுப்போயிரும்" என்றார். கடைசி மாசத்துச் சேறு முழுவதும் அந்தப் பெட்டிக்குள் இருந்தது. ஊரில் ஒருவரிடமும் கேட்காமல், தூத்துக்குடியில் யாருக்கோ போன் போட்டுப் பணம் வரவழைத்து, கோவில்பட்டி போய் எடுத்து வந்து கட்டினார். பெட்டியைத் திறந்து, குழாய்களைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தோளில் தூக்கிக்கொண்டு விலக்கை நோக்கி நடந்தார். அந்தப் பணத்தை ஊர்க்காரர்கள் கோயில் உண்டியலில்கூடப் போடவில்லை. ஊருணித் தண்ணீரைத் தொட முடியாமல், அந்தக் கோடையில் முதன்முதலாக விலைக்கு வாங்கிய தண்ணீர் லாரிக்கு அதைத்தான் கொடுத்தார்கள். அவரைக் கொலைகாரி என்றவர்கள் அவருடைய காசில் வாங்கிய தண்ணீரை வரிசையில் நின்று பிடித்தார்கள்.

பச்சை ஏட்டின் விஷம்தான் என்று மாதிரியின் முடிவு பிற்பாடு வந்தது. நாட்டாமை அதை ஒலிபெருக்கியில் அறிவிக்கவில்லை. கொடை வரிக்கு மட்டும்தான் எங்கள் ஊரில் ஒலிபெருக்கி பேசும்.

அய்யா மிச்ச ஆடுகளை விற்றுவிட்டார். விஷத் தண்ணீர் குடித்த ஆடு என்று வியாபாரிகள் அடிமாட்டு விலைக்குக் கேட்டார்கள், கொடுத்தார். இப்போது கோவில்பட்டியில் தீப்பெட்டிச் சரக்கு அடுக்கிவைக்கிற ஒரு கிட்டங்கிக்குக் காவல் இருக்கிறார். உடுப்பு கொடுத்திருக்கிறார்கள். ஒருநாள் என்னிடம், "அந்தப் பிள்ள நம்பரு வச்சிருக்கியா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். சரி என்று பீடியைப் பற்றவைத்துக்கொண்டார்.

அக்கா பட்டம் வாங்கிவிட்டார். ஆய்வேட்டில் எங்கள் ஊருணிக்குப் பெயர் இல்லை, ஓர் எண்தான். தண்ணீரை மீட்க என்ன செய்யலாம், ஒருமுறை வந்து சொல்லுங்கள் என்று போன மாசம் கூப்பிட்டேன். எந்த இடத்திலிருந்து பாசித் தண்டு எடுத்து வந்து நடலாம், கிடையை ஓடைக்கு எவ்வளவு தள்ளிப் போடலாம் என்று ஒன்றுவிடாமல் சொன்னார். வருவீர்களா என்று மறுபடி கேட்டேன். "வரமாட்டேன் தம்பி. ஒங்க ஊரு மேல எனக்குக் கோவம்லாம் இல்ல" என்றவர், "இருக்கு. நல்லாவே இருக்கு. அம்மாவ மட்டும் கேட்டேன்னு சொல்லு" என்று வைத்துவிட்டார்.

இந்தப் பங்குனிக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள் தங்கள் ஊருணியில் முள் இழுக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். மேய்ந்து குடிப்பீர்களா என்று எங்களைக் கேட்டார்களே, அதே ஊர்தான். அதே டிராக்டர்களுக்குச் சொல்லியிருந்தார்கள். போகக்கூடாது, அனுபவிக்கட்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். போனேன். கூட்டத்துக்கு நடுவில் நின்று வேரைச் சொன்னேன், துருவைச் சொன்னேன், வாயுவைச் சொன்னேன், செத்த ஆட்டைச் சொன்னேன். கொட்டாவி விட்டார்கள். வெற்றிலை மென்றுகொண்டிருந்த பெரியவர் ஒருவர் மட்டும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"வேரு வாயுவெல்லாம் கெடக்கட்டும் தம்பி. ஒங்க ஊருக்கு மொத்தம் எம்புட்டு ஆச்சு? அதச் சொல்லு."

நான் அதைக் கூட்டிப் பார்த்து வைத்திருந்தேன். ஊரில் செத்த ஆடு முப்பத்தொன்று, அதன் விலை. அய்யா பாதி விலைக்கு விற்ற மிச்ச ஆட்டில் நட்டம். அந்தக் கோடை முழுவதும் தண்ணீர் லாரிக்கு ஊர் கொடுத்தது. அக்கா எங்கள் ஊர்க்காரர் இல்லை. இருந்தாலும் அவர் கட்டிய ஐயாயிரத்தையும் சேர்த்திருந்தேன். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்: ஐந்து லட்சத்து இருபத்து நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய்.